சோளம் பூக்கும்வரை

அக்கா,

காலையில் மாட்டுக்குச் சவுண்டல் மரத்துத் தழை ஒடித்துவிட்டு வந்தேன். எத்தனை முறை கழுவினாலும் அந்தப் பச்சை நெடி கையை விட்டுப் போகவில்லை. சோறு பிசையும்போது உன் ஞாபகம் வந்துவிட்டது. அண்ணனுக்கு நீயும் தம்பிக்கு நானுமாக ஒரே வீட்டில் வாழ வந்தோம். வந்த நாளிலிருந்து உன் கையில் எனக்குத் தெரிந்த வாசம் இதுதான்.

ஒரு வருஷம் சவ்வாது மலையையே மழை ஏய்த்தது. சரிவில் மேய்ச்சல் புல் கருகிப்போயிற்று. கண்ணமங்கலத்திலிருந்து வைக்கோல் வாங்கி மேலே ஏற்ற நமக்கு வசதி இல்லை. தீவனத்துக்கு விதைத்த சோளம் மட்டும் முழங்கால் உயரத்தில் வாடி, ஆனாலும் பச்சையாக நின்றது. சினையாக இருந்த செவலைப் பசு அதைப் பார்த்துப் பார்த்துக் கத்தியது. நீ யாரையும் அறுக்க விடவில்லை.

"வாயில்லா ஜீவன் கத்துது, காதுல வுழலயா? இன்னா பொம்பளடி நீ!" என்று மாமியார் உன்னைப் பிடிபிடியென்று பிடித்தார். உன் வீட்டுக்காரர் அரிவாளோடு கிளம்பியே விட்டார். நீ குறுக்கே போய் நின்றாய்.

"வாடின இளஞ்சோளம் வெசம். எங்கப்பா வூட்டுக் காளை தின்ன எடத்துலயே சுருண்டு வுழுந்துச்சி. பூ வுடட்டும், நானே அறுத்துப் போடறேன்."

காட்டோரம் ஏறி இறங்கித் தழை கொண்டுவந்தாய். கேழ்வரகுத் தாளோடு கலந்து போட்டோம். பசுவுக்கு அது பாதி வயிற்றுக்குத்தான் காணும். ஒருநாள் அதை அவிழ்த்துக்கொண்டு போய் வீட்டுக்குப் பின்னால் கட்டினாய். ஏன் என்று கேட்டேன்.

"சோளம் கண்ணுல பட்டா கேக்கும்டி. அது கேட்டா நான் குடுத்துடுவேன்."

சொல்லும்போதே உன் கண் கலங்கிவிட்டது. எல்லாரும் நெஞ்சழுத்தக்காரி என்றார்களே, அவர்களைக் கூப்பிட்டு அந்த முகத்தைக் காட்டியிருக்க வேண்டும்.

மழை வந்தது. அப்போதும் நீ அவசரப்படவில்லை. சோளம் பூத்த பிறகுதான் முதல் கட்டை அறுத்து வந்தாய். செவலை நல்லபடியாகக் கன்று ஈன்றதும், "எம் மருமவ கெட்டிக்காரி" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது அதே மாமியார்தான். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். உன்னைப்போல் ஒருத்தியை நான் பார்த்ததில்லை, அக்கா.

நீ கண்ணை மூடிய பிறகு இப்போதுதான் மழை தள்ளிப்போகிறது. செவலையின் பேத்தி சினையாக நிற்கிறது. சோளம் வாடி நிற்கிறது. "கொஞ்சூண்டு போட்டா இன்னா ஆய்டும்?" என்கிறார் உன் கொழுந்தனார். பசுவைப் பின்னால் கொண்டுபோய்க் கட்டினேன். அங்கேயும் என் முகத்தைப் பார்த்துக் கத்துகிறது. பக்கத்திலேயே உட்கார்ந்து அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருக்கிறேன்.

கேட்டுக்கொண்டே இருக்கிறது, அக்கா. நான் கொடுக்கவில்லை.