செல்வி அக்காவுக்கு வந்த கோடி

அக்கா,

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போயிருந்தேன். புதுச் சேலைகளை உதறிப் போட்டார்கள். அந்தக் கஞ்சி வாசனை மூக்கில் ஏறியதும் உன் சாவு வீடு அப்படியே கண்முன் வந்துவிட்டது. "யாருக்கு சார் எடுக்கிய? வீட்டுக்கா, மதினிக்கா?" என்று கடைக்காரர் கேட்டார். செல்வி அக்காவுக்கு எடுக்கத்தான் போனேன். அவள் எனக்கு யார் என்று சொல்ல வாய் வரவில்லை. "பொறவு வாரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

உனக்கு வரன் வந்த காலத்தில் எல்லாவற்றையும் தட்டிக் கழித்தாய். காரணம் கேட்டதற்கு, "எனக்கு ஆளு இருக்குலே, நீ ஒன் சோலியப் பாரு" என்று சிரித்தாய். நானும் ஒரு கிறுக்கன், அந்த ஆளைத் தேடி அலைந்தேன். நீ வேலை பார்த்த ராஜபாளையம் மில் ஆபீசில் மீசை வைத்த சூப்பர்வைசர் ஒருவர் இருந்தாரே, அவர் மேல்தான் எனக்குச் சந்தேகம். அவருக்கு ஊரில் மூன்று பிள்ளைகள் என்று நான் துப்பறிந்து வந்து சொன்னபோது, உன் வீட்டில் எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் செல்வி அக்கா. தளவாய்புரத்துக்காரி. உன்னோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு நைட்டி தைத்தவள். நீங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நானும் எதற்கென்று தெரியாமலே சிரித்தேன்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எனக்குப் புரிந்தது. புரிந்த பிறகும் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. ஒரு நாள் உன் வீட்டு டிவியில், பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்வதைப் பற்றி விவாதம் ஓடியது. "கலிகாலம்! இவளுகள ஊருக்குள்ள விடப்பிடாது" என்றார் நம் பெரியப்பா. நீ அவருக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தாய். "சீனி போதுமா பெரியப்பா?" என்று செல்வி அக்கா கேட்டாள். "போதும் தாயீ" என்றார். அந்த வீட்டில் அவருக்கு ஒன்றும் தப்பாகப் படவில்லை. டிவியில்தான் பட்டது.

நெஞ்சுவலி வந்து நீ போன அன்று, செல்வி அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் என் கையைப் பிடித்தார்கள். அவளிடம் தண்ணீர் கேட்டார்கள். அவளும் எழுந்து எழுந்து கொடுத்தாள். உன்னை எடுக்கிற நேரத்தில் அவளுடைய அண்ணன் வந்தார். அவளோடு பேச்சுவார்த்தையை அறுத்துக்கொண்டு போனவர், உன் வாசலை மிதிக்காதவர். கையில் ஒரு புதுச் சேலை.

"எந்தங்கச்சிக்குக் கோடி போட வந்தேன்."

புருஷன் செத்தால்தானே பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கோடி வரும்?

"இவளுக்கு என்னத்துக்குலே கோடி? இவளுக்கு யாரு செத்தா?" என்றார் பெரியப்பா.

"யாரு செத்தான்னு ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இம்புட்டு நாளும் தெரியாத மாதிரி இருந்தோம். அம்புட்டுதான்."

சொல்லிவிட்டுச் சேலையை அவள் தோளில் போர்த்தினார். அப்போதுதான் அவள் அழுதாள். அதுவரை அழ அவளுக்கு யாரும் இடம் கொடுக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அக்கா, எனக்கு இன்னும் குழப்பம் தீரவில்லை. ஜோடி என்று சொல்லி நீங்கள் ஒரு நாளாவது சபையில் நிற்க முடிந்ததா? சாவில் மட்டும் அவளைத் தாலியறுத்தவள் ஆக்கியது மரியாதையா, கொடுமையா? அந்த மனிதர் பாசத்தில் செய்தாரா, குற்ற உணர்ச்சியில் செய்தாரா? நீங்கள் வாழ்ந்தது சரி என்று நாலு பேர் முன்னால் அடித்துப் பேச எனக்குத் தைரியம் போதவில்லை. தப்பு என்று எவனாவது சொன்னால் கை ஓங்கத் தோன்றுகிறது. இரண்டும் நான்தான். நீ இருந்தால் என்னைக் கேலி செய்தே தெளிய வைத்திருப்பாய்.

இன்று காலை செல்வி அக்காவின் அண்ணன் போன் செய்தார். அவள் போனை எடுக்கவில்லையாம்.

"செத்த நேரம் போயி என்னன்னு பாத்துட்டு வாரியளா மச்சான்?"

மச்சான். யோசித்துச் சொன்னாரா, வாய் தவறி வந்ததா தெரியவில்லை. நீ கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதனால் அக்கா வழியில் என்னை அப்படிக் கூப்பிட ஆளே கிடையாது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

"இந்தா, கெளம்பிட்டேன் மச்சான்" என்றேன்.