நான் சொல்லிக்கொடுத்த நாலு அட்டை

டீச்சர்,

காலையிலிருந்து தெருவெல்லாம் பெயின்ட் வாசனை. லீவு விட்டதும் பள்ளிக்கூடத்தில் வேலை தொடங்கிவிட்டது. வேலிப் பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். சுவரின் அடியோடு சுற்றி ஓடுகிறதே, பிள்ளைகள் உயரத்துக்கு அடித்த கரும்பலகை, அதற்குப் பெயின்டர் குத்துக்காலிட்டுக் கறுப்பு பூசிக்கொண்டிருந்தார். கீழே உட்கார்ந்தால்தான் அந்தப் பலகைக்குக் கை வாகாக இருக்கும். நீங்களும் அப்படித்தான் உட்காருவீர்கள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு.

தை மாதத்தில் ஒரு நாள் பிரேயரில் நீங்கள் தவறிப்போய்விட்டதைச் சொன்னார்களாம். என் பேத்தி நந்தினி பையைக்கூட இறக்காமல் வாசலிலேயே நின்று அழுதாள். உங்களிடம் நான் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று இருந்தது. பிறகு சொல்லலாம், பிறகு சொல்லலாம் என்றே நாள் ஓடிவிட்டது. இப்போது எழுதுகிறேன். நான் ஐந்தாவதோடு நின்றவள். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நந்தினி அப்போது இரண்டாம் வகுப்பு. என் மகன் சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்த்தான். கூட வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் எல்லாம் டை கட்டிக்கொண்டு வேனில் போகின்றன, நம் பிள்ளை மட்டும் இங்கேயா என்று அவனுக்கு ஆதங்கம். எனக்கு அவனைவிட அதிகம். ஒரு திங்கட்கிழமை நேராக வகுப்புக்கே வந்துவிட்டேன், டி.சி. கேட்க.

"இன்னா டீச்சர் இது? புக்கு இல்ல, ஊட்டுப்பாடம் இல்ல. ஒண்ணாவதும் நாலாவதும் ஒரே பாயில உக்காந்துக்கினு அட்டைய வெச்சி வெளையாடுதுங்க. நீங்களும் கூடவே கீழ உக்காந்துகினுகீறீங்க. எங்க வாத்தியாரு நாற்காலிய விட்டு எறங்கனதே இல்ல தெரியுமா?"

"நாற்காலி ஞாபகம் இருக்குது. அவர் சொல்லிக் குடுத்த பாடம் இருக்குதா?" என்றீர்கள்.

"கேட்டுப் பாருங்க."

"எண்பத்தி மூணுல நாப்பத்தேழு போனா?"

நீங்கள் வாயை மூடுவதற்குள் முப்பத்தாறு என்றேன். ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்தீர்கள். பிறகு, "ஒரு வாரம் வந்து கூட உக்காருங்கம்மா. வெள்ளிக்கெழமையும் டி.சி. வேணும்னு கேட்டா, நானே எழுதித் தரேன்" என்றீர்கள்.

அன்றைக்கே உட்கார்ந்தேன். சுவரில் ஓர் ஏணிப் படம், படிக்கு ஓர் அட்டை. அவரவர் அட்டையை அவரவரே தட்டிலிருந்து எடுத்து வந்து செய்கிறார்கள். முடித்தால் அடுத்த படி. தெரியாதவர்கள் உங்கள் பக்கத்தில், தெரிந்தவர்கள் தனியாக. இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் புரிந்தது. முதல் நாள் என் கண்ணில் பட்டது ஒன்றுதான். கணக்கு ஏணியில், ஒன்றாம் வகுப்புச் சிரிஷாவுக்கு ஒரு படி கீழே நின்றாள் என் பேத்தி. சிரிஷா எங்கள் கோடி வீட்டுப் பெண், வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். அவளுடைய பாட்டியும் நானும் தினம் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள். நாளைக்கு அந்த அம்மாள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

இப்போது சொல்லிவிடுகிறேன். செவ்வாய், புதன் இரண்டு நாளும் நந்தினியின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து விடையை முணுமுணுத்தவள் நான்தான். நீங்கள் அந்தக் கோடியில் வேறு பிள்ளைகளோடு இருந்தீர்கள். அவள் எழுத எழுத அட்டை மாறியது. இரண்டே நாளில் நாலு படி. வீட்டில் மகனிடம் பீற்றிக்கொண்டேன். மருமகள் மட்டும், "நீங்க போன நேரம் அவளுக்கு மூளை தெறந்துக்கிச்சா அத்தே?" என்று சிரித்தாள்.

வியாழக்கிழமை தானாகவே செய்ய வேண்டிய அட்டை வந்தது. நந்தினி அட்டையைப் பார்க்கவே இல்லை. திரும்பி என் உதட்டைப் பார்த்தாள். அதை நீங்கள் பார்த்தீர்கள்.

"அம்மா, அந்த ஜன்னல் பக்கம் காத்து வரும். அங்க உக்காருங்க" என்றீர்கள்.

அவளுக்கு ஒரு கணக்கும் வரவில்லை. நாலு அட்டையையும் எடுத்து வைத்துவிட்டுப் பழைய படிக்கே அவளைக் கொண்டுவந்தீர்கள். சாயந்திரம் வீட்டுக்கு நடக்கும்போது, "எனக்கு கணக்கு வராது ஆயா" என்றாள். அது என் வேலை என்று அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். "உனக்கு இன்னா கொறச்சல்? அந்த இஸ்கூலே சரியில்ல" என்றேன்.

வெள்ளிக்கிழமை வந்து டி.சி. கேட்டேன். நீங்கள் என்னைத் தடுக்கவில்லை. பதிவேட்டை எடுத்துப் பிரித்தீர்கள், பேனா மூடியைக் கழற்றினீர்கள்.

எதிரே பாயில் நந்தினியும் சிரிஷாவும். முப்பத்திரண்டில் பதினேழு போக வேண்டும். பத்துப் பத்தாக ரப்பர் போட்ட மூன்று துடைப்பக்குச்சிக் கட்டு, பக்கத்தில் இரண்டு உதிரிக் குச்சி. இரண்டிலிருந்து ஏழை எப்படி எடுப்பது என்று நந்தினி விழித்தாள்.

"ஒரு கட்ட அவுத்துக்கோக்கா" என்றது சிரிஷா.

எனக்கு நாக்கில் பதினைந்து வந்து நின்றுவிட்டது. உதடு அசைந்திருக்க வேண்டும். நந்தினி தலையைத் தூக்காமலே, "சும்மா இரு ஆயா. நான் பண்ணினுகீறேன்ல" என்றாள்.

இத்தனை பேர் முன்னால் என்னைச் சும்மா இருக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. சுருக்கென்றது. ஆனால் அவள் ரப்பரைக் கழற்றினாள். பத்துக் குச்சியும் பாயில் சரிந்தன. ஏழை எண்ணி ஒதுக்கினாள், ஒரு கட்டைத் தள்ளினாள். மிச்சம் ஒரு கட்டு, ஐந்து குச்சி.

பக்கத்து வீட்டில் ஒன்று வாங்கு என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எந்த வீடு, வாங்கிய ஒன்று இங்கே வந்ததும் எப்படிப் பத்தாகிறது என்று நான் கேட்டதே இல்லை. ஆயுசு முழுக்கச் சரியாகவே கழித்திருக்கிறேன், டீச்சர். அது என்ன என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

"பேரு எழுதட்டுமாம்மா?" என்றீர்கள்.

"வேணாம் டீச்சர்."

பதிவேட்டை மூடிவிட்டீர்கள். மகனைச் சமாளிப்பது என் பாடாயிற்று. ஒரு மாதம் பேஜாரு பண்ணினான், பிறகு விட்டுவிட்டான்.

இந்த ஜூனில் நந்தினி ஐந்தாவது போகிறாள். போன வாரம் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த நாலு அட்டையும் என் தப்பு, உன் தப்பில்லை என்று சொன்னேன்.

"தெரியும் ஆயா. டீச்சர் அன்னிக்கே சொல்லிட்டாங்க."

"இன்னா சொன்னாங்க?"

"உங்க ஆயாவுக்குக் கணக்குப் பசி இன்னும் அடங்கல, பாதி சோத்துல எழுப்பிட்டாங்க. அவங்க மேல கோச்சிக்காதன்னாங்க. ஊட்ல சொல்லவேணான்னும் சொன்னாங்க."

இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். என்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை, பெற்றவர்கள்கூடச் சொன்னதில்லை. அதை உங்கள் வாயால் கேட்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

சிரிஷாவின் அக்காவிடம் ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் வாங்கி வந்திருக்கிறாள் நந்தினி. தினமும் அவள் ஒரு கணக்கை முடித்து, நோட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதே கணக்கை என்னிடம் கொடுக்கிறாள். நேற்று ஒரு பின்னக் கணக்கைத் தப்பாகப் போட்டேன். விடை அவளுக்குத் தெரியும். முகத்திலேயே இருந்தது. ஆனால் சொல்லவில்லை, டீச்சர். நான் அடித்துவிட்டு மறுபடி போட்டு முடிக்கும் வரை, வாயை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தாள்.