கழித்தல் குறி இல்லாத நூற்று இருபத்தேழு

என் அருமை மாப்பிள்ளை ஆல்பர்ட்டுக்கு,

உன் மடிக்கணினியைத் திறந்துவிட்டேன். நீ இருந்தபோது அதன் பக்கத்தில் டீ கிளாஸை வைத்தாலே முகம் சுளிப்பாய். இப்போது அதை என் கடை மேசையில், மீன்வாடைக்கு நடுவில் வைத்துத் திறந்தோம். பொறுத்துக்கொள். காரியம் அப்படி.

உனக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதை ஊரறிய எழுதுகிறேன். உன்னைப் பற்றி ஊரறியப் பேசினார்கள். பதிலும் ஊரறியத்தான் இருக்க வேண்டும்.

நடந்ததைச் சொல்கிறேன். நீ போன பிறகு வந்த ஐப்பசி மழையில் ஒரு இடி விழுந்து, குளிர் அறைச் சுவரில், குளிர் குறைந்தால் சைரன் அடிக்க நீ செய்து மாட்டிய பெட்டியின் போர்டைக் கருக்கிவிட்டது. நாகர்கோவிலிலிருந்து ஒரு எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்கை வரவழைத்தேன். என் தங்கை ஸ்டெல்லா உன் புரோகிராமைப் பென் டிரைவில் எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைத் தன் கணினியில் போட்டு, புதுப் போர்டில் ஏற்றினார். சென்சாரை உள்ளங்கையில் பொத்திப் பிடித்துச் சூடு காட்டினார். சைரன் அலறியது. எனக்குத் திருப்தி, அவருக்கும் திருப்தி. நல்ல வேலைக்காரர்தான், குறை சொல்ல மாட்டேன்.

பிறகு நம் ஊர்த் திருவிழா வந்தது. கடைசி நாள் யாரும் தொழிலுக்குப் போவதில்லை என்பது உனக்குத் தெரியும். சரக்கெல்லாம் குளிர் அறையில், வாசலில் காவல்காரர் மட்டும். தேர் கோவிலைச் சுற்றி வரும்போது அவரைப் போனில் கேட்டேன். "பச்சை லைட்டு எரியுது முதலாளி, நீங்க தேரைப் பாருங்க" என்றார்.

பச்சை எரிந்தது உண்மைதான். உன் பெட்டிக்குத் தனி பேட்டரி இருந்தது அல்லவா, அதனால் எரிந்தது. ஆனால் பெருச்சாளி ஒன்று குழாய்க்குள் புகுந்து கம்ப்ரசர் ஒயரையும் சென்சார் ஒயரையும் சேர்த்துக் கடித்துப் போட்டிருந்தது. மறுநாள் கதவைத் திறந்தபோது வாடை முகத்தில் அறைந்தது. கணவாயும் இறாலும் மொத்தமாகக் குழி தோண்டிப் புதைத்தோம். பச்சை விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருந்தது மாப்பிள்ளை.

என் கூட்டாளி சூசையின் வாய் உனக்குத் தெரியும். இராஜாக்கமங்கலம் கரையில், ஏலத்துக்கு நின்ற அத்தனை பேர் முன்னாலும் சொன்னான்: "செத்தவன் செஞ்ச பெட்டியை நம்பி உயிரோட இருக்கவன் சரக்கை வச்சா இப்படித்தான் மக்கா. அவன் மேல போயாச்சு, இனி அங்க போயா கேக்க முடியும்?"

நாலு பேர் சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் அது ஸ்டெல்லாவின் காதுக்குப் போய்விட்டது.

நீ போனதிலிருந்து என் தங்கையைப் பற்றி எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "ஸ்டெல்லா தைரியமா இருக்கா." காலையில் பூசைக்குப் போவாள், வேலைக்குப் போவாள், வந்து கதவை அடைத்துக்கொள்வாள். கேட்டால், "ஒண்ணும் இல்லண்ணே." நானும் அதைக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்துவிடுவேன். அன்றைக்கு அவளே கடைக்கு வந்தாள். துணிப்பையிலிருந்து உன் கணினியை எடுத்து, தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அவிய தப்பா செஞ்சிருந்தா தப்புன்னு சொல்லு. எனக்காவ மறைக்காத. செய்யலன்னா அதையும் சொல்லு. எனக்குத் தெரியணும்."

"எனக்கு என்னட்டி தெரியும் இதுல?"

"தெரிஞ்சவங்களைக் கூப்பிடு. ஆனா நீயும் கூட இருந்து பாரு. நீ சொன்னா நம்புவேன்."

வியாபாரத்தில் எத்தனையோ பேருக்கு முகத்துக்கு நேராக 'இது அழுகல், எடுத்துட்டுப் போ' என்று சொல்லியிருக்கிறேன். அவளிடம் அப்படிச் சொல்ல வேண்டி வந்தால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

அவர் வந்து சேரும் வரை எனக்கு நீ சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது. பெட்டியைச் செய்த மழைக்காலத்தில் இதே மேசையில் உட்கார்ந்து புரோகிராம் எழுதுவாய். ஒரு பெயரின் மேல் மவுஸை வைத்து வலது பக்கம் அழுத்துவாய். சட்டென்று வேறொரு பக்கம் திறக்கும், அதில் நீ எழுதாத எழுத்துகள். "இது என்னதுலே?" என்று கேட்டேன்.

"லைப்ரரி மச்சான். சென்சாரோட எப்படிப் பேசணும்னு யாரோ ஒருத்தர், எந்த நாட்டுலயோ உக்காந்து எழுதி வச்சிருக்கார். நாம கூப்பிட்டா அது போய்ப் பேசிட்டு, சூடு எவ்வளவுன்னு வந்து சொல்லும்."

"எவ்வளவு வாங்குகான்?"

"சும்மா."

"சும்மா குடுக்கவனை நம்பாத மாப்ளே."

"நம்பலையே. அதான் உள்ள போய்ப் படிக்கேன். அவரும் மூடி வைக்கல பாத்தியளா, திறந்துல்லா வச்சிருக்கார். நீங்க மட்டும் செவுளைத் தூக்கிப் பாக்காம மீன் எடுப்பியளா?"

அன்றைக்குத்தான் உன் தொழில் எனக்குப் பிடிபட்டது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு, அதிலிருந்து அதற்கும் உள்ளே என்று நீ போய்க்கொண்டே இருப்பாய். டீ ஆறிப்போகும். ஸ்டெல்லா போனில் கூப்பிட்டால், "இன்னா வாறேன்" என்பாய். வரமாட்டாய்.

மெக்கானிக் வந்தார். முதலில் உன் புரோகிராமைப் பார்த்தார். அவருடையதிலும் உன்னுடையதிலும் ஒரே எழுத்து, ஒரு புள்ளி மாறவில்லை. அறையின் சூடு மைனஸ் பத்துக்கு மேலே ஏறினால் சைரன், கீழே இருந்தால் பச்சை. "இதுல ஒரு தப்பும் இல்லையே அண்ணாச்சி" என்றார்.

"அப்ப உள்ள போங்க" என்றேன்.

"லைப்ரரிக்கா? அதை யாரும் தொட மாட்டாங்க."

"எங்க மாப்பிள்ளை படிப்பார். போங்க."

லோடு ஏற்றும்போது ஒருவர் பட்டியலைச் சத்தமாக வாசிப்பார், இன்னொருவர் பெட்டியைப் பார்த்துத் திருப்பிச் சொல்வார். அந்த மாதிரிதான் செய்தோம். அவர் தன் கணினியில் அந்தப் பெயரின் மேல் அழுத்தித் திறந்து, வரி வரியாக வாசித்தார். உன் கணினியில் அதே பக்கத்தைத் திறந்து கொடுத்தார். நான் திரையில் விரலை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டித் திருப்பிச் சொன்னேன். ஸ்டெல்லா எனக்குப் பின்னால் நின்றாள்.

"மைனஸ் நூத்தி இருபத்தேழு" என்றார் அவர்.

"நூத்தி இருபத்தேழு" என்றேன்.

"மைனஸைச் சொல்லுங்க அண்ணாச்சி."

"மைனஸ் இல்லையே."

"இருக்கும், நல்லாப் பாருங்க."

"வியாபாரிக்கு மைனஸ் கண்ணுல படாதாவே? இல்லை. வந்து பாரும்."

அவர் எழுந்து வந்து பார்த்தார். பிறகு எங்கள் இருவருக்கும் புரிகிற மாதிரி சொன்னார். சென்சார் பதில் சொன்னால் லைப்ரரி சூட்டைச் சொல்லும். ஒயர் அறுந்து பதிலே வராவிட்டால், 'அங்கே ஆள் இல்லை' என்பதற்கு அடையாளமாக மைனஸ் நூற்று இருபத்தேழு என்று சொல்லும். உன் புரோகிராம் அதைக் கேட்டால், ஆகா, நல்ல குளிர் என்று பச்சையைப் போட்டுவிடும். திருவிழா அன்று நடந்தது அதுதான். இதை நீ முன்கூட்டியே உள்ளே போய்ப் படித்துப் பார்த்திருக்கிறாய். அந்த மைனஸை எடுத்துவிட்டால் போதும், ஒயர் அறுந்தால் அது கொதிக்கிற சூடாகத் தெரியும், சைரன் அலறும். எடுத்துவிட்டாய்.

ஆனால் எடுத்தது லைப்ரரியில். உன் கணினியில் இருந்த லைப்ரரியில். அது உன் புரோகிராமோடு பென் டிரைவில் ஏறி வராது. மெக்கானிக்கின் கணினியில் இருந்தது யாரோ எழுதி வைத்த அந்த அசல். மைனஸ் அங்கே அப்படியே இருந்தது.

ஆக, நீ தப்பாகச் செய்யவில்லை மாப்பிள்ளை. ஊர் இதைத் தெரிந்துகொள்ளட்டும். சூசையிடம் நானே சொன்னேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்படியா சங்கதி" என்றான். அவனுக்கு அதுவே மன்னிப்புக் கேட்ட மாதிரிதான்.

உன்னிடம் மட்டும் ஒன்று கேட்கிறேன். செய்ததை ஏன் ஒருத்தரிடமும் சொல்லவில்லை?

ஸ்டெல்லாவிடம் விஷயத்தைச் சொன்னதும் முதலில் சிரித்தாள். "கல்யாண வீட்டுக்குப் போனாலும் அடுத்தவங்க ஃபேன் ரெகுலேட்டரைக் கழட்டிச் சரி பண்ணிட்டு, வாயைத் திறக்காம வந்து பந்தியில உக்காருவாவ" என்றாள். உண்மைதானே. கோவில் மைக் இரைச்சல் நின்றது உன்னால்தான் என்று நீ போன பிறகு பங்குச் சாமியார் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

பிறகு சிரிப்பு நின்றது. "நெஞ்சு வலியையும் இப்படித்தானண்ணே. கேஸு, வாயுன்னு சொல்லி உள்ளுக்குள்ளயே சரி பண்ணப் பாத்தாவ" என்றாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. உன்னை அடக்கம் பண்ணிய அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை. மெக்கானிக் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். நான் உன் கணினியை ஓரமாகத் தள்ளி வைத்தேன், கண்ணீர் அதன் மேல் படக்கூடாது என்று. அந்த நேரத்தில் எனக்கு அதுதான் தோன்றியது.

அவளிடம் வலியை மறைத்தாய், என்னிடம் மைனஸை மறைத்தாய். எங்களைச் சிரமப்படுத்தக்கூடாது என்று நினைத்தாயா? எங்களில் ஒருத்தர் அன்றைக்கே 'என்ன மாப்ளே, சொல்லு' என்று பிடித்து உட்கார வைத்திருந்தால் சொல்லியிருப்பாயா? இதற்கு எந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பது?

இப்போதைய நிலவரம்: லைப்ரரியைத் தொடவில்லை. பதில் வராவிட்டால் சைரன் அடி என்று மெக்கானிக் உன் புரோகிராமிலேயே வெளிப்படையாக ஒரு வரி எழுதிச் சேர்த்துவிட்டார். பெட்டி பழைய இடத்தில்தான் தொங்குகிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை ஸ்டெல்லா வந்து சென்சார் ஒயரைத் தன் கையால் பிடுங்குகிறாள். கரைவரைக்கும் கேட்கிற மாதிரி அலறுகிறது. "ஆல்பர்ட்டு கூப்பிடுகான்" என்று சூசை காதைப் பொத்திக்கொள்கிறான். இப்போது கேலியாகச் சொல்வதில்லை. அவள் கொஞ்ச நேரம் அலற விட்டுத்தான் ஒயரைத் திரும்ப மாட்டுவாள். யாரும் அவசரப்படுத்துவதில்லை.

உன் கணினியை விற்க மாட்டேன், அதில் எதையும் மாற்றவும் விடமாட்டேன். அது சின்ன வாக்கு. பெரிய வாக்கு இதுதான்: ஸ்டெல்லா "ஒண்ணும் இல்லண்ணே" என்று சொன்னால், பச்சை எரிகிறது, எல்லாம் குளிர்ந்து கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டு இனி நான் வாசலிலிருந்து திரும்ப மாட்டேன். உள்ளே போய் உட்காருவேன். அவள் பேசுகிற வரைக்கும் இருப்பேன்.

உன் பெண்டாட்டிக்கு அண்ணனும், இன்றைக்கும் உனக்கு மச்சானுமாகிய,
அந்தோணி