கேட்டால் மட்டும் சொல்லவும்

என் மூத்தவளான ராத்தாவுக்கு, தம்பியின் ஸலாம்.

நீங்கள் போன பிறகு எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. சிரிக்கக் கூடாது. ஓய்வுபெற்ற வாத்தியாரான நான், மாதத்துக்கு ஒருமுறை ஒரு நோயாளியின் சகோதரனாக நடிக்கிறேன். மருத்துவம், தாதியியல், மருந்தாளர் படிப்பு என்று மூன்று வகைப் பிள்ளைகளும் ஒரு கட்டிலைச் சுற்றி நின்று ஒன்றாக வேலை செய்யப் பழக வேண்டுமாம். பழகிவிட்டார்களா என்று பார்க்க ஒரு பரீட்சை. கட்டிலில் கிடப்பது ரப்பர் பொம்மை. சுவிட்சைப் போட்டால் அதன் நெஞ்சு ஏறி இறங்கும். முடிந்ததும் அணைப்பார்கள், நெஞ்சு நின்றுவிடும். அதைப் பார்க்காமல் எழுந்து வர ஒவ்வொரு முறையும் முயல்கிறேன்.

புள்ளி போடும் தாளை நீங்கள் பார்க்க வேணும். 'மற்றத் துறையினரை மதித்தல்', 'குறுக்கிடாமல் செவிமடுத்தல்' என்று கட்டம் கட்டமாக இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் அதில் தோற்பார்களா? "நீங்க சொல்லுங்க", "இல்ல, நீங்க சொல்லுங்க" என்று கல்யாண வீட்டு உபசாரம்தான். முழுப் புள்ளி.

எனக்குச் சஹன் சாப்பாடு ஞாபகம் வரும். ஆறு பேர் ஒரு தட்டைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு ஆள் தன் பக்கத்துச் சோற்றை மட்டும் தின்பார்கள். நடுவில் இருக்கும் இறைச்சியில், மரியாதைக்காக, ஒருவரும் கை வைக்க மாட்டார்கள். பெண்கள் பக்கத்தில் நீங்கள்தான் அதைப் பிய்த்து எல்லாருக்கும் தள்ளிவிடுவீர்கள். திரைக்கு இந்தப் பக்கமும் உங்கள் குரல் கேட்கும்: "எல்லாரும் பாத்துக்கொண்டிருந்தா இறைச்சி நடந்து வருமா புள்ள?"

எனக்கும் ஒரு தாள் தருவார்கள். போன மாதத் தாளில் இப்படி இருந்தது: தங்கைக்குக் காலில் புண், கடும் காய்ச்சல். முன்பு ஓர் ஊசி போட்டபோது தொண்டை வீங்கியது. இது சகோதரனுக்குத் தெரியும். கேட்டால் மட்டும் சொல்லவும்.

யாரை நினைத்து எழுதினீர்கள் என்று விசாரித்தேன். யாரையும் இல்லையாம், பொதுவாக எழுதியதாம். உண்மையாகத்தான் இருக்கும். உங்களைப் பற்றி அவர்களுக்கு யார் சொல்லியிருக்க முடியும்?

உங்களுக்கும் முன்பு அப்படித் தொண்டை வீங்கிய சங்கதியை நீங்கள் வார்ட் தாதி மிஸ்ஸிக்குச் சொன்னீர்கள். அவர் தன் தாளில் எழுதினார். மருந்து கொடுப்பவரிடம் உங்கள் பழைய மருந்துத் துண்டுச்சீட்டு இருந்தது. அதிலும் எழுதியிருந்தது. அதே ஊசியால் நீங்கள் மௌத்தாகி அடக்கமும் முடிந்த பிறகு நடந்த விசாரணையில் ஆளுக்கு ஆள் தங்கள் தாளைக் காட்டினார்கள். எல்லாத் தாளும் சரி. பிழையே இல்லாமல் ஒரு மனிசி எப்படி மௌத்தாகலாம் என்று அங்கேதான் படித்தேன். கோபத்தோடு வெளியே வந்தேன். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

வைத்தியர் வந்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றவன் நான், ராத்தா. நீங்கள் காய்ச்சல் மயக்கத்தில் கண்ணை மூடிக் கிடந்தீர்கள். அவர் அவசரமாக ஊசியின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். மிஸ்ஸி சொல்லியிருப்பார், பெரிய டொக்டர் கதைக்கும்போது நாம் என்ன நடுவில் புகுவது என்று இருந்துவிட்டேன். நானும் நன்றாகச் செவிமடுத்தேன். குறுக்கிடவே இல்லை.

போன மாதம் மூன்று பிள்ளைகள் பொம்மையைச் சுற்றி நின்றார்கள். மருத்துவம் படிக்கும் தம்பி ஊசியின் பெயரைச் சொன்னார். மருந்தாளர் பிள்ளை குப்பியை நீட்டியது. தாதிப் பிள்ளையின் கையில் பொம்மையின் பழைய மருந்துத் துண்டு. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மற்றக் கையால் குப்பியை வாங்கியது. என்னை ஒருவரும் கேட்கவில்லை.

"வேணாம் மகள்," என்றேன். "அதப் போட்டா என்ட ராத்தா மௌத்தாப் போவா."

பரீட்சகர் பேனாவைக் கீழே வைத்தார். பரீட்சை குழம்பிவிட்டதாம். குழுவுக்குத் திரும்ப வைக்க வேணுமாம். பிறகு மெல்லமாக, "சேர், தாளில தங்கச்சி எண்டுதானே இருக்கு?" என்றார்.

தாதிப் பிள்ளை என் பின்னால் வராந்தாவுக்கு வந்தது. சாய்ந்தமருது ஊர்ப் பிள்ளை. "எனக்குத் தெரியும் சேர். டொக்டர் கதைச்சி முடியட்டும் எண்டு இருந்தன்."

அந்த டொக்டரும் இன்னும் படிக்கிற பிள்ளைதான், ராத்தா. "நானும் அப்படித்தான் மகள் இருந்தன்," என்றேன். எங்கே என்று கேட்டது. இத்தனை காலத்தில் முதல்முதலாக அந்தப் பிள்ளையிடம்தான் உங்களைச் சொன்னேன்.

நாளைக்கு மறுபரீட்சை. வேறு நோய், வேறு மருந்து, அதே கடைசி வரி. நான் இன்னொரு முறை குழப்பினால் அந்தப் பிள்ளைகள் ஒரு வருஷம் பின்தங்குவார்கள். தாளின்படி நடப்பேன் என்று என்னிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள்.

மருந்து பொம்மையின் கைக்கு வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருப்பேன். அந்த நேரம் அந்தத் தாதிப் பிள்ளைக்கு உரியது, அது வாய் திறக்கும் என்று நம்புகிறேன். திறக்காவிட்டால், அதற்கு மேல் ஒரு கணமும் பொறுக்க மாட்டேன். இது வாக்கு. கிடப்பது ரப்பராக இருந்தாலும் சரிதான்.

கேட்காமலே சொல்லியிருக்க வேண்டிய
உங்கள் தம்பி