வடபனி நிலையத்தில் ஒரு முதுகு

நாள் 611, காலை 7.10
செவ்வாய்க் கோள், வடபனி நிலையம். எழுதுவது பியூலா ஞானதீபம், துளைப்புப் பொறியாளர். நிலையத்தில் நான் ஒருத்திதான். துளைப்பான் ஓடுகிறது. தோண்டிய பனியை உருக்கிக் கிடைக்கும் தண்ணீரை நம்பித்தான் மற்ற நிலையங்கள் எல்லாம். முதுகுவலி பத்துக்கு எட்டு. இடுப்புப் பட்டையை இன்னும் இறுக்கும்படி மருத்துவ இயந்திரத்தின் உத்தரவு. குனியக் கூடாது, தூக்கக் கூடாது. என்னை ஊருக்கு அனுப்ப மாற்று ஆள் எப்போதோ வந்திருக்க வேண்டும். தாமதம் என்றது பூமியிலுள்ள தலைமையகம். பரவாயில்லை என்று பதில் அனுப்பியிருந்தேன்.

நாள் 614, மாலை 4.30
வலி வைத்தியர் டாக்டர் பிச்சுமணி பாளையங்கோட்டையிலிருந்து அனுப்பிய பதிவு:
“ஏம்மா பியூலா, ஸ்கேன் பூராம் பாத்துட்டேன். எலும்பு முறியல, நரம்பு நசுங்கல, கட்டி கிட்டி ஒண்ணுமில்ல. கொஞ்சம் தேய்மானம், அது ஒன் வயசுல பாதிப் பேருக்கு இருக்கும். வலி நெசந்தான். ஆனா அதக் கெளப்பி விடுறது பயந்துபோன மூளம்மா. ஆளு வரலன்னு சொன்ன வாரந்தான வலி ஆரம்பிச்சிருக்கு? பரவால்லன்னியாமே, நெசமாவே பரவால்லயா? பட்டையக் கழத்து. மெதுவாக் குனி. கோவத்த எழுது.”
எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துடிக்கிறவளிடம் போய் மூளை, கோபம் என்கிறார். பைத்தியம் என்று சொல்லாமல் சொல்கிறார்.

நாள் 617, இரவு 8.05
சரி, எழுதித் தொலைக்கிறேன். என் தங்கை கல்யாணத்தைக் கால் மணி நேரப் படமாக அனுப்பி, ‘மகிழ்ச்சியாக இருங்கள்’ என்று குறிப்பு வேறு போட்டது தலைமையகம். மகிழ்ச்சியாம், மண்ணாங்கட்டி! என்னை இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டு மறந்துவிட்டீர்கள். உங்கள் மேல் எனக்குக் கொலைவெறி!
அழுது தீர்த்தேன். பட்டையைக் கழற்றினேன். குனிந்தேன். வலித்தது. எதுவும் உடையவில்லை.

நாள் 631, பகல் 11.40
காற்றுச் சுத்திகரிப்பான் அடைத்துக்கொண்டது. வடிகட்டியை நான்தான் தூக்கி மாற்ற வேண்டும். இயந்திரம் கத்துகிறது: “தூக்காதீர்கள். முதுகு முறியும். படுக்கைக்குத் திரும்புங்கள்.” படுத்தால் மூச்சு முட்டிச் சாவேன். உன் பேச்சைக் கேட்டு முடங்கிக் கிடந்ததெல்லாம் போதும், போடா!
முதுகு சுருக்கென்று பிடிக்கிறது. முதுகே, பயமா இருக்கா? எனக்கும்தான். வா, சேர்ந்தே தூக்குவோம்.

அன்றே, பகல் 12.25
தூக்கினேன். மாட்டினேன். காற்று வருகிறது. ஐயோ, என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை!

நாள் 633, காலை 9.15
தலைமையகம்: “வாழ்த்துகள். தாங்கள் பாரம் தூக்கியதைக் கொண்டு, முழுநலம் பெற்றதாக மருத்துவ இயந்திரத்தின் அறிக்கை வந்துள்ளது. எனவே மாற்று ஆள் அனுப்பும் திட்டம் ரத்து. பணியைத் தொடரவும்.”
படித்த நொடியே முதுகு இறுகியது. எதனால் என்று இப்போது எனக்குத் தெரியும். படுக்கவில்லை. நடந்துபோய்த் துளைப்பானை நிறுத்தினேன். பதில் அனுப்பினேன்:
“முடியாது. ஆள அனுப்புங்க. கப்பல் கெளம்பிடுச்சுன்னு சேதி வந்தாத்தான் இது ஓடும். அதுவரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது.”
நிலையம் முழுக்க அமைதி. பதில் வர அரை மணியாவது ஆகும்.
வரட்டும்.