ஓடச் சொன்னவர்

அன்புள்ள அப்பா,

நான் நலம். உங்கள் முழங்கால் தேவலையா?

நான் வடிவமைத்த கிரிக்கெட் ஸ்கோர் மென்பொருளில் ஆட்டக்காரர், பந்து, விக்கெட் எல்லாமே தனித்தனி கிளாஸ், அதாவது ஒவ்வொன்றின் விவரங்களையும் அடைத்து வைக்கும் பெட்டி மாதிரி. ரன் அவுட் கிளாஸில் மட்டும் 'ஓடச் சொன்னவர்' என்றொரு விவரத்தைக் கூடுதலாகச் சேர்த்தேன், நீங்கள் நாற்பத்தேழு ரன்னில் இருந்தபோது உங்களை ஓடச் சொல்லிவிட்டு நகராமல் நின்ற சித்தப்பாவை நினைத்து.

நேற்று டீம் லீடர் அந்த வடிவமைப்பைத் தன்னுடையதென்று கூட்டத்தில் காட்டினார். "எழுந்து கேளுடா, நான் சாட்சி சொல்றேன்" என்று அதே டீமில் இருக்கும் என் அறை நண்பன் பக்கத்திலிருந்து தூண்டினான். கேட்டேன். லீடர் அவனைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றான்.

கவலைப்படாதீர்கள், வேலை போகவில்லை. வேறு டீமுக்குத் தூக்கியடித்துவிட்டார்கள். அந்த விவரத்தையும் தேவையில்லையென்று அழித்துவிட்டார்கள்.

ஞாயிறன்று பேசும்போது, அன்று சித்தப்பாவோடு ஒரே பைக்கில் எப்படி வீடு திரும்பினீர்கள் என்று சொல்லுங்கள். அறை நண்பன் கதவைத் திறக்கிறான். நிறுத்துகிறேன்.

உங்கள் மகன்