போனில் கேட்ட காலடிச் சத்தம்

என் சரோஜா அக்காவுக்கு,

இன்று காலையும் உங்கள் போன் வரும் நேரத்துக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். வராது என்று தெரியும். தெரிந்தும் ஏன் உட்காருகிறேன், அக்கா?

நாம் நேரில் பார்த்துக்கொண்டது ஒரே தடவைதான், திருச்சி ஆஸ்பத்திரி பெஞ்சில். இரண்டு பேருக்கும் பார்க்கின்சன். உங்களுக்கு வலது கை நடுங்கியது, எனக்கு இடது. "கையக் கோத்துக்கிட்டா ரெண்டும் நின்னுடும் போலருக்கே" என்று சிரித்தீர்கள். மீன்சுருட்டியிலிருந்து நீங்களும் வேப்பந்தட்டையிலிருந்து நானும் அடிக்கடி வர முடியாது என்பதால், பயிற்சிகளை வீட்டிலேயே செய்யச் சொன்னார் பிசியோதெரபி மேடம். வாரம் ஒருமுறை போனில் விசாரிப்பார். "தனியா செஞ்சா விட்டுடுவீங்க. ரெண்டு பேரும் தினம் போன்ல சேர்ந்து செய்யுங்க" என்றதும் அவர்தான்.

ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நாற்காலியிலிருந்து எழுவோம், உட்காருவோம். கையை வீசி, காலை உயரத் தூக்கி வைத்து நடப்போம். என் குரல் உள்ளே போய்விட்டால், "சத்தமா எண்ணுடி, வூட்டுல தூங்குறவங்க யாரு இருக்கா?" என்பீர்கள். யாருமில்லைதான். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து, மகன் திருப்பூருக்குப் போன பிறகு, இந்த வீட்டில் சத்தமாகக் கேட்டது நாம் எண்ணியது மட்டும்தான்.

ஆடி மாதத்தில் ஒருநாள், நடந்துகொண்டிருக்கும்போதே சமையலறை வாசலில், இந்த நோயில் வருமே அப்படி, என் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. அழுதுவிட்டேன்.

"அழுவாத. கீழ ஒரு கோடு கிடக்குன்னு நெனச்சுக்க. நானும் இங்க நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன். சேர்ந்து தாண்டுவோம். ம், தூக்கு!"

உங்கள் காலடி தொப்பென்று கேட்டது. நானும் தாண்டினேன்.

ஐப்பசியில், காய்ச்சலில் நீங்கள் போய்விட்டதாக உங்கள் மகன் சொன்னதும் பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தேன். உங்கள் மருமகள் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். ஜன்னலோரம் கட்டில், தலைமாட்டில் போன்.

"அத்த சித்திரையிலயே படுத்துட்டாங்க சின்னம்மா. படுத்துக்கிட்டேதான் எண்ணுவாங்க. நடக்குற சத்தம் உங்களுக்குக் கேக்கணும்னு கட்டிலக் கையால தட்டுவாங்க."

அப்படியானால், ஆடியில் அந்தக் கோட்டை நான் மட்டும்தான் தாண்டினேனா? ஏன் சொல்லவில்லை, அக்கா? சொன்னால் நானும் படுத்துவிடுவேன் என்று பயந்தீர்களா? உங்கள் கஷ்டத்தைக் கேட்க நான் ஒருத்தி இருந்தேனே.

போன வாரம் குளியலறையில் விழுந்தேன். முழங்கை வீங்கிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. நேற்று மகன் போன் செய்து, "நல்லாருக்கியாம்மா?" என்றான். வழக்கமான பதில் வாய்வரை வந்துவிட்டது.

"இல்லப்பா. விழுந்துட்டேன். தனியா இருக்க பயமா இருக்கு."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்றான். குரல் உடைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை வருகிறானாம்.

நடக்க முடிகிறவரை நடப்பேன், அக்கா. பதில் வராவிட்டாலும் சத்தமாகவே எண்ணுவேன். ஒருநாள் முடியாமல் படுத்துவிட்டால், படுத்துவிட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவேன்.

உங்கள் கூடப் பிறக்காத தங்கை,
வசந்தா